கொளவாய் ஏரியில் உப்பு

6

தீனதயாளன் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, கொளவாய் ஏரியின் ஓரத்தில் வைத்து அழுத்தினான். அதே விரலை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

"நாஸ்தா துன்னலியா அண்ணாத்த?" என்றாள் ஜெனிஃபர். "சொல்லியிருந்தா ரெண்டு இட்லி கட்டிகினு வந்திருப்பேனே. கேசுக்கு வந்த படத்தப் போயி நக்கிகினு கீற."

"கரிக்குது ஜெனி."

"பக்கத்துல ஊறுகா எதுனா கீதா பாரு."

ஏரி மேசைமேல் கிடந்தது. தடித்த தாளில் நீர்வண்ணத்தால் தீட்டிய ஏரி. தண்டவாளம், அதற்கப்பால் தண்ணீர், தண்ணீருக்கு மேல் மழை வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வானம். வலது கீழ் மூலையில் கையெழுத்து: ஏசுபாதம். தண்ணீர் வானத்தைத் தொடும் ஓரத்தில் பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளிகள் பூத்திருந்தன. தீனாவின் விரல் போய் நின்றது அங்கேதான்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது தீனாவின் துப்பறியும் நிலையம். பதினாறு வருடத் தொழிலில் பாதிக்கு மேல் கல்யாண விசாரணை. ஜெனிஃபர் வந்து இரண்டு வருடமாகிறது. அதற்கு முன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கார் உதிரிபாகம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். வேலை போயிற்று. அந்தக் கேள்வியை இன்றைக்கும் யார் வற்புறுத்தினாலும் திருப்பிச் சொல்ல மாட்டாள்.

முந்தாநாள் அந்த மாடிப்படியில் ஏறி வந்தவர் ஏசுபாதம் மாஸ்டர். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளில் பலகையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கொளவாய் ஏரி, பாலாற்று மணல், படாளத்து வயல், முட்டுக்காட்டுக் கழிமுகம். சைக்கிள் போகாத ஊரை அவர் வரைந்ததில்லை. இருபத்தைந்து வருடம் அவரை ஒருவரும் சீந்தவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று அவர் படங்கள் மாறின. வானம் ஆழமாயிற்று, தண்ணீருக்கு எடை வந்தது. மாநில விருது, டெல்லி, வெளிநாட்டுக் கண்காட்சி. வருகிற ஞாயிறு மாமல்லபுரத்தில் ஒரு பெரிய காலரியில் அவருடைய நாற்பது வருடப் படங்களின் கண்காட்சி திறக்கிறது. கூடவே ஒரு புத்தகமும்.

"எவனோ என் பேர்ல போலி பண்றான் தீனா," என்று சொல்லி இந்த ஏரிப் படத்தை மேசையில் வைத்தார் மாஸ்டர். "மகாபலிபுரத்துல ஒரு கடைல மாட்டி வித்துகினு இருந்தான். கடைக்காரன் வாயத் தெறக்க மாட்டேன்றான். நீ ஆளத் தொடாத. எடத்த மட்டும் கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லு. போலீசு வேணாம். பேப்பர்ல வந்துச்சுன்னா, மாட்டியிருக்கறதுல எது நெசம் எது போலின்னு கேப்பாங்க. நாப்பது வருஷம் ஒரே நாள்ல போயிடும்."

தீனா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான். எட்டாம் வகுப்பில் அவன் வரைந்த ஆட்டைப் பார்த்து, 'இது ஆடு இல்லடா, ஆடு மாதிரி ஒரு சந்தேகம்' என்று சொன்னவர் மாஸ்டர். 'ஆனா நீ நல்லா பாக்கற. பாக்கத் தெரிஞ்சவன் பொழச்சுக்குவான்' என்றும் சொன்னார். முதல் வாக்கியத்தில் வகுப்பே சிரித்தது. இரண்டாவது வாக்கியத்தை வைத்துத்தான் தீனா பிழைப்பு நடத்துகிறான்.

ஒப்பிட்டுப் பார்க்க அசல் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டதற்கு மாஸ்டர் சற்றுத் தயங்கினார். பிறகு, விருது வாங்கிய 'பாலாறு' படத்தையே சட்டத்திலிருந்து கழற்றிக் கொடுத்தனுப்பினார். தீனா இரண்டு கையெழுத்துகளையும் பூதக்கண்ணாடியில் ஒரு மணி நேரம் பார்த்தான். மயிரிழை வித்தியாசமில்லை. கடைசிச் சுழிப்பில் தூரிகை தூக்கிய இடம்கூட ஒன்றே.

"போலி பண்றவன் கில்லாடி," என்றான்.

"இருக்கட்டும். வாத்தியாரு கையெழுத்து இன்னும் ஒரு எடத்துல வோணுமே?" என்று ஜெனிஃபர் விண்ணப்பத் தாளைத் தூக்கிக் காட்டினாள். "பொண்ணு நல்ல பொண்ணான்னு விசாரிக்க வர்றவன்கிட்ட மூணு எடத்துல கையெழுத்து வாங்கற. இவருது மட்டும் காலியா கீது."

"பேனாவ நீட்டுனேன். அப்புறம் பாத்துக்கலாம்னாரு. வாத்தியார்கிட்ட போயி எப்படி வற்புறுத்தறது?"

"செரி, அந்த ஆத்தையும் ஒரு நக்கு நக்கிப் பாரேன்."

"அது மாஸ்டர் படம் ஜெனி. எச்சி படக் கூடாது."

"அட, ஏரிக்கு ஒரு நாயம், ஆத்துக்கு ஒரு நாயமா?"

தீனா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் மனம் வெள்ளைப் புள்ளிகளிலேயே நின்றது. மாஸ்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பேட்டி எடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்: அந்தந்த ஊரை அந்தந்த ஊர்த் தண்ணீரில்தான் வரைய வேண்டும். ஏரி வரைந்தால் ஏரித் தண்ணீரை மொண்டுதான் வண்ணம் குழைப்பார். கொளவாய் ஏரித் தண்ணீரில் என்னென்னவோ நாறும். உப்பு மட்டும் கரிக்காது.

"இத வரஞ்சவன் ஏரிக்கரைல உக்காரவே இல்ல," என்றான். "உப்புத் தண்ணி வர்ற வீட்டுல உக்காந்து வரஞ்சிருக்கான்."

"கோவளத்துலேர்ந்து கல்பாக்கம் வரிக்கும் உப்புத் தண்ணிதான். வூடு வூடா போயி போர் தண்ணி குடிக்கப் போறியா? வயித்தால போவும்."

"உப்புத் தண்ணி ஊர்ல குடிக்க என்ன பண்ணுவாங்க?"

"கேன் வாங்குவாங்க."

"கேன் போடறவன் எத்தன வாசல் பாத்திருப்பான்?"

ஜெனிஃபர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். பிறகு, படங்களை நனையாமல் கொண்டுபோக வேண்டும் என்பதால் ஹெல்மெட்டை வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினார்கள். முதல் இரண்டு கேன் தண்ணீர் கிடங்குகளில் ஒன்றும் தேறவில்லை. மூன்றாவது கிடங்கு பட்டிபுலத்தில். அங்கே ரமேஷ் என்பவன் லோடு ஆட்டோவில் காலிக் கேன்களை வீசிக்கொண்டிருந்தான்.

"இன்னா வோணும்?" என்றான் திரும்பாமல்.

"திரும்பி வர்ற கேன்ல ரொம்ப அழுக்கா வர்றது எந்த வீட்டுது?" என்று கேட்டான் தீனா.

ரமேஷ் இப்போது திரும்பினான். இந்தக் கேள்விக்காகவே பல வருடம் காத்திருந்தவன் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டான். "கேட்டியே ஒரு கேள்வி, அண்ணாத்த! மீன் கடைக்காரன் செதிலோட குடுப்பான். மேஸ்திரி சிமெண்டோட குடுப்பான். அதுகூட தேவலாம், கழுவுனா போயிடும். சவுக்குத் தோப்பு ஓரமா ஒரு அக்கா கீது. வந்து நாலு மாசம்தான் ஆவுது. அது வூட்டுக் கேனு எப்பவும் கலர் கலரா வரும். கம்பெனில என்னப் புடிச்சுத் திட்றான், நீ ஹோலி ஆடறியான்னு."

ஆட்டோவுக்குள் துழாவி ஒரு கேனை இழுத்துக் காட்டினான். கழுத்தில் நான்கு விரல்கள் நீலமாய்ப் பதிந்திருந்தன.

"ஆதார்ல கூட இவ்ளோ தெளிவா வுழாது," என்றாள் ஜெனிஃபர்.

சவுக்குத் தோப்பு ஓரம் கல்நார் கூரை போட்ட ஒற்றை வீடு. தீனா காரை ஐம்பதடி தள்ளி நிறுத்தி, இருக்கும் இடத்தை மாஸ்டருக்கு வாட்ஸப்பில் அனுப்பினான்.

"ஆளு மூஞ்சியக்கூட பாக்கல, அதுக்குள்ள ரிப்போர்ட்டா?" என்றாள் ஜெனிஃபர்.

"இடத்த மட்டும் சொல்லுன்னாரு. சொல்லிட்டேன்."

பதில் உடனே வந்தது. மாஸ்டரின் குரல் பதிவு. "நான் மகாபலிபுரத்துலதான் கீறேன். அரை மணி நேரத்துல வந்துர்றேன். நீ உள்ள போவாத."

ஜெனிஃபர் அதை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டாள். "அண்ணாத்த, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. எவனோ ஒருத்தன் எம் பேர்ல போலி பண்றான்னு வெச்சுக்க. நீ கண்டுபுடிச்சுட்டேன்ற. நான் மொதல்ல இன்னா கேப்பேன்? யாருடா அந்தப் பேமானின்னு கேப்பேன். இவரு கேக்கலியே."

தீனா படங்கள் இருந்த அட்டை உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு கதவைத் திறந்து இறங்கினான்.

வீட்டுக் கதவைத் திறந்தவளுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். நைட்டிமேல் துண்டு. விரல்களில் நீலம். அவள் தீனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கக்கத்தில் இருந்த பெரிய அட்டை உறையைப் பார்த்தாள்.

"அவரு அனுப்ச்சாரா?"

"நீங்க யாரு?"

"ரூத். சனிக்கெழம டிராயிங் கிளாஸ்ல அவருகிட்ட படிச்சேன். உங்களுக்கு அது கூட சொல்லலியா?"

உள்ளே ஒரே அறை. சுவரோரமாய் நான்கு பக்கமும் படங்கள் நின்றன. ஏரி, ஆறு, வயல், கழிமுகம். தீனாவுக்குப் படம் வரையத் தெரியாது. பார்க்கத் தெரியும். முட்டாள்கூட மாஸ்டரின் வானம் என்று சொல்லிவிடக்கூடிய வானங்கள். ஒன்றில்கூடக் கையெழுத்து இல்லை.

"நீங்கதான் அந்தப் போலிய..." என்று ஆரம்பித்தான்.

"இன்னா போலி? படம் என்து. பேருதான் அவருது."

ஜெனிஃபர் அட்டை உறையை அவன் கக்கத்திலிருந்து உருவினாள். 'பாலாறு' படத்தை எடுத்தாள். தீனா கையை நீட்டுவதற்குள் விரலை எச்சில் பண்ணி மணல்மேட்டு ஓரத்தில் ஒற்றி வாயில் வைத்துக்கொண்டாள். வழக்கமாக அடுத்த நொடியே வரும் நக்கல் வரவில்லை.

"அண்ணாத்த," என்றாள் மெதுவாக. "வாத்தியாரு ஆறும் கரிக்குது."

ரூத் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள். "இது முட்டுக்காட்டுல இருந்தப்ப போட்டது. அங்க எங்கப்பா போட் அவுசுல வேல செஞ்சாரு. எங்க வூட்டு போரு கடலுக்கு மேல கரிக்கும்."

"ஆத்துக்குப் போகாம ஆத்த வரஞ்சீங்களா?"

"போவாம எப்படி? போயி நல்லா பாத்துட்டு வந்துருவேன். பொம்பள தனியா பலகைய வெச்சிகினு கரைல குந்த முடியுமா சார்? பத்து பேரு நின்னு வேடிக்க பாப்பான். பதினோராவது ஆளு போன் நம்பர் கேப்பான். வூட்டுக்கு வந்து கொழாயத் தெறந்து தண்ணி புடிச்சு போடுவேன். அந்த ஊர்த் தண்ணி, இந்த ஊர்த் தண்ணின்றது பேட்டிக்கு. கொழப்பறவளுக்கு எந்தத் தண்ணி வருதோ அந்தத் தண்ணிதான்."

"எத்தன வருஷமா?"

"பதினொண்ணு. மொதல்ல வானம் மட்டும் ரொப்பச் சொன்னாரு, கை லேசா ஆடுதுன்னு. அப்புறம் தண்ணி. அப்புறம் முழுப் படம். ரெண்டு வருஷம் கையெழுத்த மட்டும் அவரு போட்டுகினு இருந்தாரு. அதுவும் நிக்கல. நீயே போட்டுருன்னாரு."

தீனாவுக்கு அந்த விண்ணப்பத் தாள் ஞாபகம் வந்தது. பேனாவை நீட்டியபோது மாஸ்டரின் வலது கை பேன்ட் பாக்கெட்டை விட்டு வெளியே வரவேயில்லை. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பெரியவர்களிடம் துருவக் கூடாது என்று விட்டுவிட்டான். இரண்டு கையெழுத்துகளும் அச்சுப் பிசகாமல் இருந்ததற்குக் கில்லாடித்தனம் காரணமில்லை. இரண்டையும் போட்டது ஒரே கை. இதில் போலிக் கையெழுத்து என்று ஒன்று இல்லை. அசல் கையெழுத்துதான் இல்லை.

"நாலு மாசம் முன்னாடி கண்காட்சி புஸ்தகம் வேல ஆரம்பிச்சுது," என்றாள் ரூத். "ஒரே ஒரு படத்துல என் பேரப் போடுங்க சார்னு கேட்டேன். அடுத்த வருஷம்னாரு. பதினோரு வருஷமா எனக்கு அடுத்த வருஷம்தான் சார். கண்காட்சில கடைசி ரூமுக்குன்னு போட்டு வெச்ச பத்தொம்பது படத்தையும் தூக்கிகினு வந்துட்டேன். பொழக்கணுமேன்னு புச்சா ஒரு ஏரி போட்டேன். கீழ ரூத்துன்னு எழுதிகினு கடைக்குப் போனேன். கடைக்காரன் பாத்துட்டு, 'ஏசுபாதம் சாரக் காப்பி அடிக்கறியே பாப்பா, உள்ள தூக்கிப் போட்ருவான்'றான். வூட்டுக்கு வந்து இன்னொண்ணு போட்டு அவரு பேர எழுதினேன். அடுத்த கடைல கேள்வியே கேக்காம எடுத்துகினான்."

அவள் சிரிக்கவில்லை. துண்டின் முனையால் பாலாற்றின் மேலிருந்த எச்சில் ஈரத்தை ஒற்றி எடுத்தாள்.

"இந்தப் பத்தொம்பதுதான் எங்கிட்ட கீது. இதுவும் போச்சுன்னா நான்தான் போட்டேன்னு சொல்லிகினு நான் பைத்தியம் மாதிரி திரிய வேண்டியதுதான். அவரு கண்டுபுடிச்சுருவாருன்னுதான் ஊரு மாறுனேன்." அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "எடத்த அவருக்குச் சொல்லிட்டீங்களா?"

தீனா பாக்கெட்டிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தான்.

"சொல்லிட்டாரு," என்றாள் ஜெனிஃபர். "மேப்போட."

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. மூடிய மினி வேன். முன்னாலிருந்து மாஸ்டர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, வலது கை பாக்கெட்டில். பின்னாலிருந்து இரண்டு பேர் பழைய போர்வைகளோடு இறங்கினார்கள். படங்களைச் சுற்றுவதற்குப் போர்வை. எல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தார்.

தீனா வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"உள்ள போவாதன்னு சொன்னேன்ல?"

"எவனோ போலி பண்றான்னும் சொன்னீங்க சார்."

மாஸ்டர் முகத்தில் சட்டென்று களைப்பு தெரிந்தது. "நான் உன்ன நம்பித்தான்டா வந்தேன்."

"நானும் உங்கள நம்பித்தான் சார் வந்தேன். நீங்க மட்டும் உள்ள வாங்க. அவங்க வெளிய நிக்கட்டும்."

அவர் உள்ளே வந்தார். ரூத் நின்ற பக்கம் திரும்பவில்லை. "பாக்கக் கத்துக் குடுத்தது யாரு? எந்த மரத்த வுடணும், எங்க வெள்ளைய காலியா வெக்கணும், எல்லாம் யாரு சொன்னது? கை அவுளுது. கண்ணு என்து." தீனாவிடம் சொல்வதுபோல் சொன்னார். ஆனால் கண் அதற்குள் படங்களுக்குப் போய்விட்டது. ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே போனார். திருட வந்தவர் நடை அல்ல அது. வகுப்பில் பெஞ்சுக்குப் பெஞ்சு போகும் நடை.

முட்டுக்காட்டுக் கழிமுகத்தின் முன்னால் நின்றார். "இந்த மூலைல இன்னும் கொஞ்சம் இருட்டு வேணும்."

ரூத்தின் கை தானாகவே ஒரு தூரிகையை எடுத்து நீட்டியது. நீட்டிய பிறகுதான் தன் கையை அவளே பார்த்தாள்.

மாஸ்டர் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். தூரிகையை வாங்கினார். அது அவர் விரல்களுக்கு நடுவில் காற்றில் மாட்டிய ஓலை மாதிரி ஆடியது. நீலச் சொட்டுகள் தரையில் விழுந்தன. தாளுக்கு ஒரு சாண் தூரத்தில் கையை நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. தூரிகையைத் திருப்பிக் கொடுத்தார்.

"நீயே வை."

ரூத் படத்தைப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. அந்த மூலையில் இருட்டு குறைவுதான். கொடுமை அதுதான். அவள் குனிந்து ஒரே இழுப்பில் நிழலை வைத்தாள். கழிமுகம் பின்னால் நகர்ந்து ஆழமானது. ஜெனிஃபருக்கே அது தெரிந்தது.

"ம். கையெழுத்தப் போடு," என்றார் மாஸ்டர். பதினோரு வருடப் பழக்கம்.

ரூத் மெல்லிய தூரிகையை எடுத்தாள். தண்ணீர் பட்டாலும் கரையாத கறுப்பு மசியில் தோய்த்தாள். வலது கீழ் மூலையில் எழுதினாள்: ரூத்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். நிமிர வெகு நேரமானது. நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது என்று தீனா நினைத்தான். அந்த நினைப்பு மூன்று விநாடிதான் நின்றது.

"சரி. இது ஒண்ணு உன்து. வெச்சுக்க," என்றார், பரீட்சைத் தாள் கொடுக்கும் குரலில். "மீதி பதினெட்டுல எழுத்து எதுவும் இல்லல்ல? அது போதும்." வாசல் தாண்டிக் குரல் கொடுத்தார். "ஏம்ப்பா, போர்வையக் கொண்டாங்க!"

ஆட்களைக் கூப்பிட அவர் படியில் இறங்கிய மறுகணம் ஜெனிஃபர் கதவைச் சாத்தினாள். தீனா தாழ்ப்பாளைப் போட்டு முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டான். ரூத் மசியோடு தரையில் உட்கார்ந்தாள். ஜெனிஃபர் படங்களை ஒவ்வொன்றாய் எடுத்து ரூத்தின் முன்னால் வைத்தாள். எழுதி முடித்ததை எடுத்து எதிர்ச் சுவரில் சாத்தினாள்.

"தீனா! கதவத் தெறடா. நான் உன் வாத்தியாரு."

கை நடுங்கினாலும் குரல் நடுங்கவில்லை. முப்பது வருடம் முன்னால் வகுப்பை அடக்கிய அதே குரல். தீனாவின் கால்கள் பழைய ஞாபகத்தில் நிமிர்ந்து நிற்கப் பார்த்தன. அவன் அவற்றைத் தரையில் இன்னும் ஊன்றிக்கொண்டான்.

"கேஸ வுட்டுட்டேன் சார்," என்றான் கதவைப் பார்க்காமல்.

ரூத் அவசரப்படவில்லை. ஒவ்வொரு படத்திலும் எந்த இடத்தில் எழுதினால் படம் கெடாது என்று பார்த்துத்தான் தூரிகையை வைத்தாள். ஏழாவது படம் காய்ந்துகொண்டிருந்தபோது கதவில் முதல் இடி விழுந்தது. கல்நார் கூரையிலிருந்து தூசி கொட்டியது. ஜெனிஃபர் குனிந்து படத்தின் மேல் விழாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

"எட்டு," என்றாள்.